காயம் கட்டியவர் வீடு கட்டினார்

தமிழிலே ‘கட்டு’ என்னும் வினைக்கு ஓய்வு என்பது இல்லை. காயத்தைக் கட்டுகிறோம், கூரையைக் கட்டுகிறோம், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் இழுத்துக் கட்டுகிறோம், மழையில் மண் கரைந்து போகாதிருக்க மலைச்சரிவிலே கல்லை அடுக்கிக் கட்டுகிறோம். போரிலே காயம் கட்டும் பணிக்குத் தாமாக முன்வந்து, பின்னர் எளியவர்க்கு வீடு கட்டும் பணியிலேயே ஆயுளைக் கழித்த ஒருவரைப் பற்றி எழுத எண்ணியபோது இந்தச் சொல்லே முதலில் என் முன் வந்து நின்றது. ஆங்கிலேயராகப் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த லாரி பேக்கரே அந்த ஒருவர்.

போர்க்களத்தில் அம்புலன்ஸ் தொண்டு புரிந்தவர் பலர் பிற்காலத்தில் வேறு துறைகளிற் பெயர் பெற்றிருக்கின்றனர். அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1918இல் இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டியோட்டியாக இருந்தவர். எழுத்தாளனுக்கு அந்த அனுபவம் கதையாயிற்று என்பதை நாம் எளிதில் விளங்கிக் கொள்கிறோம். கட்டடக் கலைஞனுக்கு அது என்னவாகும்? குருதியும் கூக்குரலும் கண்டவன் செங்கல்லை எப்படி வேறுவிதமாகப் பார்ப்பான்? எங்கள் இலக்கிய வட்டத்தில் மாணவர் ஒருவர் இக்கேள்வியை எழுப்பினார். அன்று நான் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

லோரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917 மார்ச் 2ஆந் திகதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே பிறந்தார். மெதடிஸ்தக் குடும்பம், ஆனால் இளமையிலேயே குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் பால் அவர் மனம் சென்றது. ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்களுடைய உறுதியான கொள்கை. பேக்கர் பர்மிங்காமிலேயே கட்டடக் கலை பயின்று 1937இல் தேர்ந்தார். ஆகவே போருக்குப் போகுமுன்னரே அவர் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்தாம். எனினும், அவர் கட்டடக் கலைஞர் ஆனது போருக்குப் பின்னரே என்று நான் துணிந்து சொல்வேன். கல்லூரி கொடுத்தது சான்றிதழ். கட்டடம் யாருக்காக என்ற கேள்வியைக் கொடுத்தது போர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, படையிற் சேர மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள் சிலருக்கு ஒரு வழி இருந்தது. 1914இல் முதன்முதல் தோன்றி, 1939இல் மறுபடியும் உயிர் பெற்ற நண்பர் அம்புலன்ஸ் படை என்பதே அது. பெயர்தான் படை; துப்பாக்கி கிடையாது. அதன் பயிற்சி முகாம் பேக்கரின் சொந்த ஊரையடுத்த நோர்த்பீல்டில் அமைந்திருந்தது. முதலுதவி, நோயாளரைத் தூக்கும் முறை, வண்டி பழுது பார்த்தல், மருத்துவமனைச் சேவகம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. போர் முடிவதற்குள் 1,300 பேருக்கு மேல் அதில் தொண்டாற்றினர். 1947இல் நோபல் சமாதானப் பரிசு பிரித்தானிய, அமெரிக்கக் குவேக்கர் சங்கங்களுக்கு வழங்கப்பட்டபோது இத்தகைய தொண்டுகளே உலகின் நினைவில் இருந்தன.

அந்தப் படையின் பெயர் பெற்ற பிரிவு சீனத்துக்குச் சென்ற பிரிவாகும். 1938இல் திறக்கப்பட்ட பர்மாப் பாதை, லாசியோவிலிருந்து குன்மிங் வரை மலைகளின் மேல் 1,100 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து செல்வது. மருந்துகளை ஏற்றிய லொறிகளை இந்தத் தொண்டர்கள் அவ்வழியே ஓட்டினார்கள். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பாதை அடைபட்டது. பெற்றோல் அருகிப் போயிற்று. விறகுக் கரியின் வாயுவில் ஓடுமாறு லொறிகளை மாற்றி அமைத்து, சீனத்தின் தென்மேற்கு மாநிலங்களிலே தொடர்ந்து ஓட்டினார்கள். கினிகத்தேனைக் கணவாயில் மழை நாளிலே ஏறி இறங்கிய எவர்க்கும் அந்தச் சாரதிகளின் நிலையை ஊகிக்க அதிகக் கற்பனை தேவைப்படாது.

பேக்கர் அவர்களில் முழுநேரச் சாரதியாக இருந்தவர் அல்லர். அம்புலன்ஸ் என்ற சொல் அக்காலத்தில் வண்டியை மட்டுமன்றி, களத்தோடு நகரும் வைத்தியசாலை முழுவதையுமே குறித்தது. மயக்கமருந்து கொடுக்கப் பயின்ற அவர், அறுவைச் சிகிச்சைக் குழுவொன்றில் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். போரில் அடிபட்ட குடிமக்களுக்குத் தொண்டு செய்யப் போனவர், நாளடைவில் தொழுநோயாளரிடையே வந்து சேர்ந்தார். குண்டு பட்டவனைத் தூக்க ஆள் உண்டு. தொழுநோயாளனைத் தொட ஆள் இல்லை. கட்டடக் கலை பயின்ற கைகள் இரண்டும் அங்கே புண்களைக் கழுவின.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்திலே அம்புலன்ஸ் என்று ஒன்று இருந்ததில்லை. கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ். லொறி வராத மேட்டு லயமானால் ஒரு கம்பளியை மூங்கிலிற் கட்டித் தொட்டிலாக்கி, நோயாளியை அதிற் கிடத்தி, நால்வர் மாறி மாறித் தோள் கொடுத்து ரோட்டுக்குக் கொண்டு வருவார்கள். அந்தத் தோள்களுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. அதை நம் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லையாதலால் இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

1899இல் தென்னாபிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, நேற்றாலில் வழக்கறிஞராயிருந்த காந்தி ஓர் இந்திய அம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களுள் சுமார் 300 பேர் சுயாதீனமாக வாழ்ந்தோர். எஞ்சியோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களில் உழைத்தவர்கள். நேற்றாலுக்கு ஒப்பந்தத்தில் சென்றோரில் பெரும்பாலோர் சென்னையிலே கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் என்பது நாம் அறிந்ததே. கொலென்சோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப் குன்றிலும் வீழ்ந்த ஆங்கிலச் சிப்பாய்களைத் தூக்குப் படுக்கையிற் கிடத்தி, நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல்கூடச் சுமந்து நடந்தார்கள். தலைவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினால் எளிதிற் கிடைப்பதில்லை. முதலாளியின் அனுமதி பெற்று வந்த அந்தக் கூலியாட்களைத் ‘தொண்டர்’ என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆனால் சுமந்த பாரம் உண்மை. நடந்த மைல்களும் உண்மை.

இதை நான் வீணாகச் சொல்லவில்லை. பேக்கரின் வாழ்க்கையைத் திருப்பியவர் அதே காந்திதான். சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், போர்க்காலக் கப்பல் தாமதமாகியமையாற் பேக்கர் பம்பாயிற் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கே காந்தியின் பிரார்த்தனைக் கூட்டங்களுக்குப் போனார். அவர் காலில் அணிந்திருந்தது சீனத்தில் கந்தைத் துணிகளைக் கொண்டு கையாற் செய்த சப்பாத்து. காந்தியின் கண் அந்தச் சப்பாத்தின் மேற் சென்றது, பேச்சு தொடங்கியது. ஐந்து மைல் சுற்றளவிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கட்டுவதே சிறந்த வீடு என்று காந்தி தம்மிடம் கூறியதாகப் பேக்கர் பின்னாளில் பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார். காயம் சுமந்த ஒருவர் காயம் கட்டிய இன்னொருவரிடம் வீட்டைப் பற்றிப் பேசினார்.

1945இல் பேக்கர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளர்க்கான கிறிஸ்தவத் தொண்டுச் சங்கம் ஒன்றின் கட்டடக் கலைஞராக வந்தார். அக்காலத்தில்தான் சல்போன் மருந்துகள் வழக்கிற்கு வந்து, தொழுநோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. அதுவரை தொழுநோய் இல்லங்கள் நோயாளரை ஊரிலிருந்து ஒதுக்கி அடைப்பதற்காகக் கட்டப்பட்டவை. இனி அவை மருத்துவமனைகளாக மாற வேண்டும். மதிலை இடித்து ஜன்னல் வைக்க வேண்டிய வேலை! பட்டம் பெற்ற கட்டடக் கலைஞரும் புண் கழுவிய தொண்டரும் ஓராளிலே சேர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

அங்கேதான் அவர் தம் அறியாமையைக் கண்டார். பர்மிங்காமிலே படித்த இரும்பும் கொங்கிறீற்றும் வடஇந்தியக் கிராமத்தில் பயன்படவில்லை. மண், சாணம், மூங்கில், சுண்ணாம்பு இவற்றைப் பற்றிக் கல்லூரி ஒன்றும் சொல்லித் தரவில்லை. கொத்தனாரிடம் கேட்டுக் கற்றார். 1948இல் கேரளத்து மருத்துவரான எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்தார். இமயத்தின் பித்தோராகட் பகுதிக்குத் தேனிலவுக்காகச் சென்ற இருவரும், அங்கே மருத்துவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வரத் தொடங்கியமையால், திரும்பி வரவேயில்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அந்த மலைச்சரிவிலேயே வீடும் மருத்துவமனையும் கட்டிக் கொண்டு வாழ்ந்தனர். அவர் மருந்து கொடுப்பார். இவர் கல் அடுக்குவார். வேண்டியபோது மயக்கமருந்தும் கொடுப்பார்.

மலையிலே வீடு கட்டுவது எப்படி என்பதை அவர் கற்றது அங்கேதான். அவ்வூரார் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய வீடுகள், பல தலைமுறைகளின் அனுபவம் என்பதை உணர்ந்தார். சரிவை வெட்டித் தட்டையாக்கி, அதன்மேல் வீட்டை உட்கார வைப்பதன்று; சரிவு போகும் போக்கில் வீடு போக வேண்டும். 1963இல் அக்குடும்பம் கேரளத்து வாகமண்ணுக்கு வந்தது. தேயிலையும் புல்வெளியும் மூடுபனியும் உள்ள மலைப்பகுதி அது. நம்மவர் ஒருவரைக் கண்ணைக் கட்டி அங்கே விட்டால், தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ இருப்பதாகவே நினைப்பார். அதன் பின்னர் திருவனந்தபுரம். அங்கேதான் உலகம் அவரை அறிந்தது.

நான் திருவனந்தபுரத்துக்குச் சென்றது வேறொரு காரியமாக. தம்பானூரில் புகையிரதத்தை விட்டு இறங்கியவன், எதிரே செங்கல்லால் ஆன வட்டமான கோபுரம் ஒன்றைக் கண்டேன். இந்தியன் காப்பி ஹவுஸ். உள்ளே மாடி என்று தனியாக ஒன்றில்லை. நடைபாதை ஒன்று சங்கு போலச் சுழன்று மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. சுவரில் விட்ட துளைகளின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. கூலித் தொழிலாளி ஒருவரும் கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவரும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தனர். காப்பி சுமார்தான். ஆனால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

மறுநாள் உள்ளூரில் உள்ள அபிவிருத்தி ஆய்வு மையத்துக்குப் போய்ப் பார்த்தேன். பொருளியலறிஞர் கே. என். ராஜ் அவர்களும், அப்போது முதலமைச்சராயிருந்த அச்சுத மேனன் அவர்களும் ஊக்குவித்து உருவான நிலையம், 1971இல் தொடங்கியது. குன்றின் சரிவிலே கட்டடங்கள் மரங்களுக்கு வழிவிட்டு வளைந்து வளைந்து கிடக்கின்றன. சாந்து பூசாத செங்கற்சுவர். மரம் நின்ற இடத்தில் சுவர் ஒதுங்கிப் போகிறது. பேக்கரின் வேலையிடத்தில் பெரிய அலுவலகம் எதுவும் இருந்ததில்லை என்றும், பழைய கடிதத் தாளின் பின்புறத்திலேயே வரைபடம் போடுவார் என்றும், பெரும்பாலான முடிவுகளைக் கொத்தனாரோடு மண்ணில் நின்றே எடுப்பார் என்றும் அவரைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர். அந்தச் சுவர்களைக் கண்டபோது அது உண்மையாகவே இருக்க வேண்டும் என்று பட்டது. மேசையிலிருந்து போட்ட கோடு அப்படி வளையாது.

அவருடைய முறைகளிற் சிலவற்றை ஆசிரியர்கள் வகுப்பிலே கரும்பலகையில் வரைந்து காட்டலாம். செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டு அடுக்குவது ஒரு முறை. ‘எலிப்பொறிக் கட்டு’ என்பது அதன் பெயர். சுவரின் கனம் வழமைபோல ஒன்பது அங்குலமே. கல்லில் ஏறத்தாழக் காற்பங்கு மிஞ்சும். நடுவிலுள்ள காற்று வெயிலையும் குளிரையும் தடுக்கும். கொங்கிறீற்றுக் கூரையின் கீழ்ப்பாகம் பாரம் தாங்குவதிற் பெரிய பங்கு கொள்வதில்லை. ஆதலால் அங்கே சீமெந்துக்குப் பதிலாகப் பழைய ஓடுகளை இட்டு நிரப்புவது இன்னொரு முறை. சுவரின் வடிவத்தைப் பற்றிய கணக்கோ சிறுவரும் செய்யக் கூடியது. 400 சதுர அடி இடத்தை 10 அடிக்கு 40 அடியாக அடைத்தால் 100 அடிச் சுவர் வேண்டும். 20க்கு 20 என்று சதுரமாக அடைத்தால் 80 அடி. வட்டமாக அடைத்தாலோ ஏறத்தாழ 71 அடி போதும். பேக்கரின் சுவர்கள் வளைவதற்கு அழகு மட்டும் காரணமன்று.

எழுபதுகளின் தொடக்கத்திலே திருவனந்தபுரம் பேராயர் மார் கிரெகோரியோஸ் அவர்கள் ஏழைகளுக்குச் சிக்கனமான வீடுகள் வேண்டுமென்று கேட்க, மூவாயிரம் ரூபா அளவில் வீடு கட்டிக் காட்டினார் பேக்கர். அதைக் கண்டவர்கள் கேட்ட கேள்வி இன்றும் கேட்கப்படுவதுதான்: ‘ஏழைக்குப் பூசாத சுவர், பணக்காரனுக்குப் பூசிய சுவரா?’ அதற்கு அவர் சொல்லாற் பதிலளிக்கவில்லை. வசதி படைத்தோர் வந்து கேட்டபோதும் அதே முறையிற் கட்டினார். நாலாஞ்சிறையில் பாறைக் குன்றொன்றின் மேல் தமக்கென்று கட்டிய வீட்டையும் அப்படியே கட்டினார். 1985இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய கோஸ்ட்போர்ட் என்னும் அமைப்பு அம்முறைகளைப் பரப்பிற்று. 1990இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1ஆந் திகதி, தமது 90ஆவது வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

இனி எங்கள் மலைக்கு வருவோம். இல்லாவிட்டால் இவ்வளவும் பிறர் ஊர்ப் பெருமையாகவே போய்விடும்.

கினிகத்தேனை என்னும் பெயருக்குச் சிங்களத்திலே தீப்பற்றிய சேனை என்பது பொருள். பெயரில் தீ, பெய்வதோ மழை. இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் எங்கள் மேற்குச் சரிவும் ஒன்று; அயலிலுள்ள வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வதுண்டு. இங்கிருந்து ரோட்டோடு இறங்கினால் கித்துல்கல. 1957இல் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்திற்காக அங்கே களனி கங்கையின் மீது மரப்பாலம் கட்டி, பின்னர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எதிரிக்காகவே என்றாலும் பாலத்தைத் திறம்படக் கட்ட வேண்டும் என்று பெருமை கொள்ளும் ஒரு தளபதியின் கதை அது. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை மறந்த கட்டடக்காரனின் கதை என்றும் அதைச் சொல்லலாம். சயாம் பர்மா மெய்ப் பாதையிலோ, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். படத்திலே அவர்களுக்கு இடமில்லை.

லயங்களைக் கட்டியவர்களும் ஒருவகையிற் சிக்கனக்காரர்களே. இதை நான் சொல்லும்போது சிலர் முகஞ் சுளிப்பர். ஆனால் எண்ணிப் பாருங்கள். நீண்ட ஒரே கூரை. முதுகோடு முதுகாக இரு வரிசைக் காம்பராக்கள். நடுச்சுவர் இருவருக்கும் பொது. காம்பரா ஒன்று ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. பழைய லயங்கள் பலவற்றில் சுவருக்குரிய கருங்கல்லும் மண்ணும் அதே மலையில் எடுத்தவை. ஐந்து மைல் என்ன, ஐந்நூறு யாரிலேயே கிடைத்தவை! காந்தி சொன்ன விதியை லயம் ஏறக்குறைய நிறைவேற்றிவிட்டது. அப்படியானால் லயத்துக்கும் பேக்கரின் வீட்டுக்கும் வேற்றுமை எங்கே? பொருளில் இல்லை, செலவிலும் இல்லை. லயத்தைக் கட்டியவன், அதில் வாழப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகோடு முதுகாகக் கட்டிய காம்பராவில் எதிர்ச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. புகை போக வழியில்லை. வைத்தியசாலையில் மயக்கமருந்துக் குவளையோடு நோயாளியின் தலைமாட்டில் நின்று, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பழகியவர் அப்படி ஒரு சுவரை எழுப்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேட்டுக் கட்டுதல் நம் நாட்டிலும் அறியாத ஒன்றன்று. கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார், ஐம்பதுகளில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறப் போகும் அரசாங்க ஊழியர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்தம் பழக்கவழக்கங்களையும் வசதியையும் விசாரித்தறிந்து வீடுகளை அமைத்தார். கண்டியிலிருந்து எங்கள் மலை தூரமில்லை. ஆயினும் அந்த வினாக்கொத்து அக்காலத்தில் லயத்துப் படியேறி வரவில்லை.

இப்போது ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வரத் தொடங்கியுள்ளன. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவதென்பது எத்தனை தலைமுறைக் கனவு என்பதை வெளியார் அறியார். அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குத் துளியுமில்லை. தன் பெயரில் ஒரு கதவு என்பது சிறிய காரியமன்று.

எனினும் ஒரு பாட்டி சொன்னதை எழுதாமலிருக்க முடியவில்லை. அவர் குடியேறிய இடம் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பது இங்கே வேண்டியதில்லை. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். நான் போனபோது இஸ்தோப்பில் விறகைப் பரப்பிக் கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர், வீட்ட பாக்க வந்தீங்களா? நல்லா இருக்கு, குத்தம் சொல்லக் கூடாது. மழ ஒழுகல. ஆனா அடுப்பு எரிச்சா பொக எங்க போவும்? வெறகு காயவைக்க எடம் எங்க? இந்த ஊர்ல வெயில் அடிக்கிற நாள விரல்ல எண்ணிடலாம். எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே.”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் பாட்டி?” என்றேன்.

அவர் எழுந்து வீட்டின் பின்னால் அழைத்துச் சென்றார். மலையை நேராக வெட்டி, அந்த வெட்டை ஒட்டி வீட்டை வைத்திருந்தார்கள். “இங்கன வெட்டியிருக்கக் கூடாது மாஸ்டர். மேல ஊத்து இருக்கு. பழைய கான் இந்தப் பக்கமாத்தான் போவும். எங்க வீட்டுக்காரர் வெட்டுன கான் அது.”

நான் நின்று பார்த்தேன். மண்ணால் மூடிய இடத்தில் ஈரம் கசிந்து கொண்டிருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது; போவதற்கு வேறு வீடுதான் இல்லை. மழை கனத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை இப்போது வானொலியிற் கேட்கிறோம். அந்த விஞ்ஞானிகள் சொல்வதும் பாட்டி சொன்னதும் ஒன்றே: சரிவை வெட்டாதே, நீர் வழியை மறிக்காதே. இமயத்துக் கிராமத்தாரிடம் பேக்கர் கற்ற பாடமும் அதுவே. கான் வெட்டுகிறவனுக்கு மலையின் உள்ளே நீர் எப்படி ஓடுகிறதென்று தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் அத்தகைய மனிதர் இன்னும் சிலர் இருக்கின்றனர். வீட்டுக்கு இடம் பார்க்கும்போது அவர்களை யார் கூட்டிச் செல்கிறார்கள்?

இவ்விடத்தில் பேக்கரின் அன்பர்களோடும் எனக்குச் சிறு பிணக்கு உண்டு. அவர் பெயரைச் சொல்லி எங்கும் பூசாத செங்கற்சுவரை எழுப்புவோர் தோன்றியிருக்கிறார்கள். கினிகத்தேனையில் செங்கல் அருமை. கீழ்நாட்டிலிருந்து ஏற்றி வர வேண்டும். சாரல் ஓயாத இம்மேற்குச் சரிவில் பூசாத சுவர் ஓராண்டில் பாசி பிடித்துவிடும். எலிப்பொறிக் கட்டை இங்கே அப்படியே கொண்டுவருவது பேக்கரைப் பின்பற்றுவதாகாது. இங்கே கிடைப்பது கருங்கல். நூற்றைம்பது ஆண்டுகளாக இம்மலைகளில் சாந்து இல்லாமலே கல்லடுக்கிக் கட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. தேயிலை மலைக்குள் நடந்து பாருங்கள்: எத்தனை ‘கல்லுக்கட்டு’, எத்தனை படி, எத்தனை கான்! துரைமார் போய்விட்டனர், கல் அசையவில்லை. அந்த வேலையைத் தொழில் என்று எவரும் மதித்ததில்லை. அதற்கு ஒரு நூல் இல்லை. அதைச் செய்தவர்க்குக் கட்டடக்காரர் என்ற பெயரும் இல்லை. பேக்கர் சிறு சிறு நூல்களாகத் தம் கையாலேயே படம் வரைந்து, கொத்தனாரும் குடியானவரும் விளங்கிக் கொள்ளும்படி எழுதி வைத்தார். மண்ணைப் பற்றி ஒன்று, செலவு குறைப்பதைப் பற்றி ஒன்று என்று அவை பல. நம் கல்லுக்கட்டைப் பற்றி அப்படி ஒரு சிறு நூல் தமிழில் இருந்தால் எவ்வளவு பயன்படும்!

இலக்கிய வட்டத்தில் இதைச் சொன்னபோது, ‘இது இலக்கியமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ‘தொங்கல் காம்பரா’ என்ற சொல்லைக் கதையில் எழுதுகிற நாம், அந்தக் காம்பராவின் சுவர் எப்படி எழுந்தது என்பதை எழுதக் கூடாதா என்று திருப்பிக் கேட்டேன். விவாதம் இருட்டும் வரை நீண்டது. முடிவில் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக் கொண்டு புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. ஒருவர் தம் பாட்டனார் கட்டிய கல்லுக்கட்டுகளை அளந்து படம் வரைவார். மற்றவர் ஓய்வு பெற்ற கான் வெட்டும் தொழிலாளர் நால்வரிடம் அவர்கள் மலையின் ஊற்றுகளைக் கேட்டுக் குறித்து வருவார். பாட்டியின் வீட்டுக்குப் பின்னால் புதைந்த கானின் போக்கு அந்தக் குறிப்பில் முதலாவதாக வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வைகாசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடும். அதற்கு முன் அதைத் திறந்து விட வேண்டும்.